பிளஸ் டூ முடித்ததும் கல்லூரி உதவித்தொகை: யாருக்கு எது, எங்கே சிக்கும்

பிளஸ் டூ முடிவு வந்த வாரம் வீடுகளில் கட்-ஆஃப் பேச்சுதான் ஓடும். உதவித்தொகை நினைவுக்கு வருவது கல்லூரி ஃபீஸ் ரசீதை நீட்டும் நாளில். சான்றிதழ்களுக்கு அலைய வேண்டியிருக்கும் வேலையை அதற்குப் பிறகு தொடங்கினால், சில வாய்ப்புகள் கைநழுவிப் போய்விடும். பிளஸ் டூ படிக்கும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை நிறைய உண்டு.

தமிழ்நாட்டு மாணவருக்குக் கிடைக்கும் உதவிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும். தகுதி இருந்தால் வந்தே ஆக வேண்டியவை ஒரு வகை. இத்தனை பேருக்குத்தான் என்று எண்ணிக்கை வைத்து, மதிப்பெண் வரிசையில் கொடுப்பவை இன்னொரு வகை. இரண்டாவதன் பின்னால் அலைந்து முதலாவதைக் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம்.

கேட்டுப் பெற வேண்டியவை

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அதே தொகையை மாணவர்களுக்குத் தரும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 முதல் நடக்கிறது. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. மூன்றுக்கும் உண்டு, தொலைதூரக் கல்விக்கு இல்லை. வருமான வரம்பு கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தால் இருவருக்குமே வரும்.

அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களும் இப்போது இரண்டு திட்டங்களிலும் சேர்கிறார்கள். ஆனால் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அதே பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் படித்தவருக்கு வராது. நடுவில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாறித் திரும்பியிருந்தாலும் தகுதி போய்விடும். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் 8-ஆம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பி.இ., மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. கலந்தாய்வு விண்ணப்பத்தில் அரசுப் பள்ளி விவரத்தைச் சரியாக நிரப்பினால்தான் அந்தப் பட்டியலில் பெயர் வரும். "கவுன்சலிங் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இப்பவே சீட் தர்றோம்" என்று கல்லூரித் தரப்பில் சொல்வதை நம்பி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவருக்கு இது கிடைக்காது.

குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் படிப்பவருக்குக் கல்விக் கட்டணத்தில் தரும் முதல் பட்டதாரி சலுகைக்கும் அதே நிபந்தனைதான்: தொழிற்கல்வியில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். சாதியும் வருமானமும் பார்க்கமாட்டார்கள். ஆனால் 'குடும்பம்' என்பதில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களோடு இரு தரப்புத் தாத்தா பாட்டிகளும் அடக்கம். அம்மாவைப் பெற்ற தாத்தா பி.ஏ. படித்திருந்தால் சான்றிதழ் கிடையாது. அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்கு இல்லை.

பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதில் கட்டணத்தோடு பராமரிப்புப் படியும் உண்டு. பட்டியலின மாணவர்களுக்குத் தொழிற்கல்விப் பட்டப்படிப்பு என்றால் விடுதியில் தங்குபவருக்கு ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 7,000. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்றவற்றுக்கு முறையே 6,000, 3,000. மேனேஜ்மென்ட் கோட்டா இங்கும் சேராது. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் பிரிவினருக்கு அரசு மற்றும் உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கான இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான வரம்பே இல்லை. மற்ற உதவிகளுக்கு 2.5 லட்சம் வரம்பு.

இவற்றுக்கெல்லாம் விண்ணப்பம் கல்லூரியில் சேர்ந்த பிறகு, கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநில அரசின் யூமிஸ் தளம் வழியாகத்தான் போகும். பள்ளி மாணவர் விவரங்களுக்கான எமிஸ் தளத்தில் உங்கள் எண்ணில் உள்ள விவரம் அப்படியே யூமிஸுக்கு வரும். எந்தப் பள்ளி, எந்த வழி, எந்த ஆண்டு என்பதற்கு அதுதான் சாட்சி. எமிஸில் 'ஆங்கிலவழி' என்று தவறாகப் பதிவாகியிருந்தால் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்லித் திருத்திவிடுங்கள். கல்லூரியில் உட்கார்ந்துகொண்டு பள்ளிப் பதிவைத் திருத்துவது பெரும்பாடு.

வருமானம் எந்தப் படியில்?

மத்திய அரசின் திட்டங்களில் பெற்றோர் வருமானம்தான் முதல் சல்லடை. 2.5 லட்சம், 4.5 லட்சம், 8 லட்சம் என்று மூன்று படிகள். 2.5 லட்சத்துக்குள் இருந்து சமூகச் சான்றும் இருப்பவருக்கு மேலே சொன்ன போஸ்ட் மெட்ரிக்தான் பெரும்பாலும் லாபம். அதைத் தாண்டியவர்கள் பார்க்க வேண்டியவை கீழே.

4.5 லட்சம் வரை: கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை. நாடு முழுக்க ஆண்டுக்குப் புதிதாக 82,000 பேருக்கு, பாதி மாணவிகளுக்கு. பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகள் 12,000 ரூபாய் வீதம், பி.இ. போன்ற நான்காண்டுப் படிப்பின் கடைசி ஆண்டில் 20,000. தகுதி, பிளஸ் டூவில் தன் பாடப்பிரிவில் 80-ஆவது பெர்சன்டைலுக்கு மேல். இது 80 சதவீத மதிப்பெண் அல்ல. அதே வாரியத்தில் அதே பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களில் நூற்றுக்கு எண்பது பேரைவிட மேலே இருக்க வேண்டும் என்று பொருள். மதிப்பெண்கள் தாராளமாக விழும் ஆண்டில் 85 சதவீதம் வாங்கியவரும் இதில் வெளியே நிற்கலாம். டிப்ளமோவுக்கும் தொலைதூரக் கல்விக்கும் கிடையாது. பிளஸ் டூ முடித்த அதே ஆண்டில் விண்ணப்பிக்காவிட்டால் இரண்டாம் ஆண்டில் புதிதாக நுழைய வழியில்லை.

8 லட்சம் வரை: ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் சேரும் மாணவிகளுக்குப் பிரகதி. ஆண்டுக்கு 50,000 ரூபாய், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு வரை. 40 சதவீதமும் அதற்கு மேலும் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்குச் சக்ஷம் திட்டத்தில் அதே தொகை. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கு ஸ்வநாத் உண்டு.

பி.இ. சேரும் ஒரு மாணவிக்கு மத்தியத் துறை உதவித்தொகையும் பிரகதியும் இரண்டும் பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் நான்காண்டுக்கு 56,000. பின்னதில் 2 லட்சம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவருக்கு மத்தியத் துறை உதவித்தொகை இல்லை என்பது விதி. முதலில் கண்ணில் பட்டதற்கு விண்ணப்பிக்காமல் மொத்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடிப்படை அறிவியலில் பி.எஸ்சி. அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. சேர்பவர் வாரியத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருந்தால் இன்ஸ்பயர் உதவித்தொகையைப் பார்க்காமல் விடக்கூடாது. ஆண்டுக்கு 80,000, அதில் 60,000 கையில், 20,000 கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு. பொறியியல், மருத்துவம் படிப்பவருக்கு இல்லை. இயற்பியலோ கணிதமோ படிக்க விரும்பும் பிள்ளையிடம் "அதுல என்ன வரும்" என்று கேட்கும் வீடுகளில் இந்தத் தொகையைச் சொல்லலாம்.

சான்றிதழ்கள்

சாதி, இருப்பிடம், வருமானம், முதல் பட்டதாரி என நான்கும் இ-சேவை மையத்தில்தான். மையத்தில் முதலில் விண்ணப்பதாரரின் அடையாள எண்ணான கேன் எண் பதிவு செய்வார்கள். அதன்பின் ஒவ்வொரு சான்றுக்கும் தனி விண்ணப்பம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வட்டாட்சியர் அலுவலகத்தில் கையொப்பமாகும். பழங்குடியினர் சாதிச் சான்று மட்டும் கோட்டாட்சியர் தர வேண்டியது என்பதால் கூடுதல் காலம் பிடிக்கும். அதைப் பிளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

வருமானச் சான்றுக்கு ஆயுள் குறைவு. ஆண்டுதோறும் புதிதாகக் கேட்பார்கள். மாணவர் பெயரில் இல்லாமல் பெற்றோர் பெயரில் எடுக்க வேண்டியது அது. "எழுபத்திரண்டாயிரம்னு போட்டுடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அப்பாவின் சம்பளம் வருமான வரிப் பதிவில் வேறாக இருந்தால் சரிபார்ப்பில் மாட்டுவது மாணவர்தான். 8 லட்சம் வரை திட்டங்கள் இருக்கும்போது பொய்த்தொகை தேவையும் இல்லை.

பெயரில் உள்ள இனிஷியல் தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் எஸ். கவிதா, ஆதாரில் கவிதா செல்வம், வங்கியில் கவிதா எஸ். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒருவர். கணினிக்கு மூன்று பேர். மூன்றில் எளிதில் திருத்த முடிவது ஆதார்தான். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஆதாரையும், அதன்படி வங்கிக் கணக்கையும் மாற்றிவிடுங்கள். ஆதாரில் கைப்பேசி எண் பழையதாக இருந்தால் அதையும் அப்போதே புதுப்பிக்கலாம், ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும்.

பணம் எந்தக் கணக்கில் விழும்

விண்ணப்பம் ஏற்கப்பட்டும் பணம் வராதவர்களின் கதையில் காரணம் வங்கிக் கணக்காக இருப்பதே வழக்கம். 'ஆதார் கொடுத்திருக்கிறேன்' என்பது வேறு, ஆதார் சீடிங் வேறு. முன்னது அடையாளச் சான்றாக வங்கியிடம் ஆதார் நகல் கொடுத்தது. பின்னது, இந்த ஆதாருக்கு வரும் அரசுப் பணம் இந்த வங்கிக்குப் போகட்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பட்டியலில் பதிவது. அந்தப் பட்டியலில் ஒருவருக்கு ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாகப் பதிந்தது எதுவோ அதற்குத்தான் பணம் போகும்.

இதனால் நடப்பது இதுதான்: விண்ணப்பத்தில் ஒரு வங்கியின் கணக்கு எண்ணை எழுதியிருப்பார்கள். நடுவில் தபால் வங்கியில் ஒரு கணக்கு தொடங்கியபோது சீடிங் அங்கே மாறியிருக்கும். பணம் தபால் வங்கியில் கிடக்க, மாணவர் இங்கே பாஸ்புக்கில் வரவு பார்த்துக்கொண்டிருப்பார். மை ஆதார் தளத்தில் நுழைந்தால் 'வங்கி சீடிங் நிலை' என்ற பகுதியில் எந்த வங்கி என்று தெரியும். மாற்ற வேண்டுமானால் விரும்பும் வங்கிக் கிளையில் சீடிங் ஒப்புதல் படிவம் கொடுத்தால் போதும். பள்ளி நாளில் தொடங்கிப் பிறகு தொடாமல் விட்ட கணக்கு முடங்கியிருக்கும். நூறு ரூபாய் போட்டு எடுத்து, கே.ஒய்.சி. புதுப்பித்து உயிர்ப்பித்து வையுங்கள்.

தேசிய உதவித்தொகைத் தளத்தில்

மத்தியத் துறை உதவித்தொகை, பிரகதி, சக்ஷம், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவி எல்லாம் இந்த ஒரே தளத்தில். முதலில் ஒருமுறைப் பதிவு: ஆதார் ஓ.டி.பி.யும், கைப்பேசிச் செயலியில் முகச் சரிபார்ப்பும் முடிந்தால் 14 இலக்க எண் கிடைக்கும். படிப்பு முடியும் வரை அதே எண்தான். தொலைத்துவிட்டுப் புதிது எடுக்கப் பார்க்காதீர்கள்.

கல்லூரியில் சேர்ந்ததும் படிவத்தை நிரப்பிச் சமர்ப்பிக்க வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது பெரிய தவறு. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் முதலிலும், மாவட்ட அல்லது மாநில அலுவலர் அடுத்ததாகவும் சரிபார்ப்பார்கள். முதல் நிலைக்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. அது கடந்தால் உங்கள் படிவம் சரியாக இருந்தும் பயனில்லை. அச்செடுத்த நகலைச் சான்றிதழ்களோடு கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து, பத்து நாளுக்கொருமுறை நிலையைப் பாருங்கள். 'டிஃபெக்ட்' என்று வந்தால் நிராகரிப்பு அல்ல. குறையைத் திருத்தி மீண்டும் அனுப்பச் சொல்கிறார்கள். அதற்கும் கெடு உண்டு. சேரும்போதே ஒன்று கேட்டு வையுங்கள்: இந்தக் கல்லூரி தளத்தில் பதிவாகியிருக்கிறதா, பொறுப்பு அலுவலர் யார்?

பிளஸ் ஒன்னில் இருப்பவர்களுக்கு

அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிப்பவர்கள் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வை எழுதலாம். 500 மாணவர், 500 மாணவியர் தேர்வாகிறார்கள். ஆண்டுக்கு 10,000 ரூபாய், இளநிலைப் பட்டம் முடியும் வரை. கேள்விகள் 9, 10-ஆம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்து. பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

தனியாரில், ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் ஆண்டுக்கு 5,000 முதலாண்டு மாணவர்களுக்குப் பட்டப்படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் வரை தருகிறது. குடும்ப வருமானம் 15 லட்சத்துக்குள், பிளஸ் டூவில் 60 சதவீதம், கூடவே ஆன்லைன் திறன்தேர்வு. தேர்வைத் தவறவிட்டால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. வறுமையில் படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் உண்டு. வீட்டுக்கே வந்து பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பதிவுக் கட்டணம், 'புராசஸிங்' பணம், ஓ.டி.பி. இவற்றில் எதையாவது கேட்டு வரும் வாட்ஸாப் உதவித்தொகையைப் பார்த்தவுடன் அழித்துவிடலாம்.

கிடைத்த உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மத்தியத் துறை உதவித்தொகைக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். தேர்வு முடிவு தாமதமானால், வந்த அன்றே மதிப்பெண் பட்டியலோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள். அதுவரை வருமானச் சான்றைப் புதிதாக எடுத்துக் கையில் வைத்திருங்கள்.