கலிபிரேஷன்: அளவுகோடிடலா, அளவுத்திருத்தமா?

வெள்ளவத்தையில் புதிதாக அமெச்சூர் ரேடியோ பழகும் தம்பி ஒருவர் போன வாரம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். "அண்ணா, கலிபிரேஷன் எண்டு ஒரு பெட்டி கிடக்கு. ரேடியோ பழுதோ?"

பழுதில்லை. அவருடைய ரேடியோ தன் சமிக்ஞையை மடிக்கணினியின் மென்பொருளுக்கு அனுப்பும் வகை; மென்பொருள் காட்டும் மீடிறனை (அதிர்வெண்ணை) திருத்தத்தான் அந்தப் பெட்டி. சொல்தான் அவரைக் குழப்பியிருந்தது.

கலிபிரேஷன், 'காலிபர்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. காலிபர் என்றால் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அச்சு என்று பொருள்படும் அரபுச் சொல்லான 'காலிப்' இதன் மூலம் என்பர். அதற்கும் முன்னால், கிரேக்கத்தில் செருப்புத் தைப்பவரின் மரக்கால் அச்சு. தமிழில் மரக்கால் நெல் அளக்கும் கருவி. தற்செயல் ஒற்றுமைதான், ஆனாலும் மறக்க விடாது.

சீனாவின் பிபிஎம் நிலையம் 10 மெகாஹேர்ட்ஸில் நேரச் சமிக்ஞை அனுப்புகிறது. அதன் மீடிறனை நம்பலாம். தம்பியின் திரையிலோ அந்த நிலையத்தைக் காட்டும் கோடு 9,999.880 கிலோஹேர்ட்ஸில் நின்றது. 120 ஹேர்ட்ஸ் குறைவு, அதாவது மில்லியனுக்கு 12 பங்கு. இதே பிசகு 28.2 மெகாஹேர்ட்ஸில் 338 ஹேர்ட்ஸ் ஆகிவிடும். ரேடியோவின் சமிக்ஞையைக் கணினிக்குள் வாங்கும் சவுண்ட் கார்டைத்தான் பலர் சந்தேகிப்பார்கள். அது இதே அளவு பிசகினாலும், திரையின் நடுப்புள்ளியிலிருந்து (ரிசீவர் இசைந்திருக்கும் மீடிறன்) 20 கிலோஹேர்ட்ஸ் தள்ளியிருக்கும் நிலையம் கால் ஹேர்ட்ஸ்தான் நகரும். ரிசீவரில் அலையை உண்டாக்கும் ஒசிலேட்டரின் குவார்ட்ஸ் பளிங்குதான் காரணம். அதுவும் சூடேறி நிலைத்த பிறகே அளக்க வேண்டும்.

பௌதிக வகுப்பில் வெப்பமானிக்கு அளவுகோடிட்டோம்: உருகும் பனிக்கட்டியில் ஒரு கோடு, கொதிநீராவியில் ஒரு கோடு. அங்கே அளவுகோடிடல் அருமையான சொல். இங்கே கோடு எதையும் நாம் இடுவதில்லை; தெரிந்த நியமத்தோடு ஒப்பிட்டு, காட்டும் அளவைத் திருத்துகிறோம். ஆகவே அளவுத்திருத்தம் என்பதே என் தெரிவு. வெறும் 'அளவீடு' போதாது, அது அளப்பதை மட்டுமே சொல்லும்.

இன்னொரு வேலையையும் மென்பொருள்கள் கலிபிரேஷன் என்றே அழைக்கின்றன. சவுண்ட் கார்டுக்கு வரும் இடது, வலது சமிக்ஞைகள் வீச்சில் சமமாகவும் அலைக் கட்டத்தில் 90 பாகை விலகியும் இருக்க வேண்டும். பிசகினால், நடுப்புள்ளிக்கு மறுபக்கத்தில் அதே நிலையத்தின் போலி உருவம் தெரியும். இதற்கு வெளி நியமம் வேண்டாம். இரண்டையும் ஒன்றுக்கொன்று சரிப்படுத்தினால் போதும். "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்" என்கிறது குறள் 118. தராசு முதலில் தான் சமனாக நிற்கும், பிறகே பாரத்தை நிறுக்கும். இந்த வேலைக்குச் சமன்செய்தல் என்ற சொல்லை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் 12 என்று இட்டதும் கோடு 10,000.000இல் போய் நின்றது. தம்பி கொப்பியில் திகதி போட்டு, 'அளவுத்திருத்தம் 12' என்று எழுதிக்கொண்டார்.