தெரிகிறது, ஆனால் டியூப் போக மாட்டேன் என்கிறது

பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், எழுபதை நெருங்கும் வயசு, பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்கு வந்திருந்தார். முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் அவரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். "வாயை நல்லாத் திறந்து நாக்கை நீட்டுங்கய்யா" என்றார் டாக்டர். நீட்டினார். பல்லெல்லாம் காவி நிறத்தில் பட்டை பட்டையாக இருந்தது. "அப்படியே கழுத்தைப் பின்னால சாய்ச்சு மேல பாருங்க."

"அது சாயாதுங்க. மேல பாக்கணும்னா கட்டில்ல படுத்துத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

நான் டாக்டர் இல்லை, மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியன். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று இந்தப் பக்கத்து ஆபரேஷன் தியேட்டர்களிலேயே பல வருஷம் ஓடிவிட்டது. டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் நிற்பார், நான் அவருக்கு வலப்பக்கம். இடது கையில் லாரிங்கோஸ்கோப்பை, அதாவது நாக்கைத் தூக்கிப் பிடிக்கும் பிளேடும் விளக்கும் வைத்த கருவியைப் பிடித்துத் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே வலது கையை என் பக்கம் நீட்டுவார், அந்தக் கையில் டியூப்பை வைக்க வேண்டும், சில சமயம் டியூப்புக்கு முன்னால் வேறொன்றை. அந்த வேறொன்றைப் பற்றித்தான் ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன்.

முழு மயக்கம் கொடுக்கும்போது தூக்கத்துக்கு மருந்து போடுவதோடு, தசைகளைத் தளர்த்தவும் பெரும்பாலும் ஒரு ஊசி போடுவோம். அது போட்ட ஒன்றிரண்டு நிமிஷத்தில் நோயாளி தானாக மூச்சு விட மாட்டார், அவருக்காக மெஷின்தான் மூச்சு விட வேண்டும். அதற்கு வாய் வழியாகக் குரல்நாண்களுக்கு நடுவே ஒரு டியூப் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். பெண்களுக்கு சாதாரணமாக 7 அல்லது 7.5 நம்பர், ஆண்களுக்கு 8 அல்லது 8.5, அதாவது உள்விட்டம் அத்தனை மில்லிமீட்டர். மூச்சுக்குழாய்க்கு நேர் பின்னால் உணவுக்குழாய் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. டியூப் அதில் போய்விட்டால் நுரையீரலுக்குப் பதில் வயிறுதான் உப்பும்.

இதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கும், உடம்பு நிமிஷத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கும். வெறும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால் அந்தக் கையிருப்பு ஓரிரு நிமிஷத்தில் காலி. அதனால்தான் மயக்கம் கொடுக்கும் முன் மூன்று நிமிஷம் மாஸ்க்கை முகத்தில் வைத்து "நல்லா இழுத்து விடுங்க" என்கிறோம். நுரையீரல் முழுக்க ஆக்சிஜனாகிவிட்டால் ஆரோக்கியமான ஆளுக்கு எட்டு நிமிஷம் வரை தாங்கும், கர்ப்பிணிக்கும் உடம்பு கனத்தவருக்கும் அதில் பாதிகூட இல்லை. மாஸ்க் மூச்சு முட்டுகிறது என்று தள்ளிவிடுகிறவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, தொல்லை எங்கே வருகிறது என்றால் வளைவில். வாய் ஒரு திசையில் போகிறது, மூச்சுக்குழாய் கிட்டத்தட்ட அதற்குச் செங்குத்தாக இறங்குகிறது, நடுவில் நாக்கு என்ற பெரிய சதைப் பாறை. கண் நேர்கோட்டில்தான் பார்க்கும். அதனால் தலைக்கு அடியில் தலையணை வைத்து, கழுத்தைச் சாய்த்து, இரும்பு பிளேடால் நாக்கை ஒதுக்கித் தூக்கி, அந்த வளைவை ஓரளவு நேராக்கிப் பார்க்கிறோம். 1943-ல் ராபர்ட் மேக்கின்டாஷ் என்பவர் கொஞ்சம் வளைந்த பிளேடு ஒன்றை வெளியிட்டார், எண்பது வருஷம் கழித்தும் எங்கள் டிராலியில் முதலில் கிடப்பது அதே வடிவம்தான். நுனியைக் குரல்வளை மூடிக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் வைத்துத் தூக்கினால் மூடி தானாக எழும்பும், கீழே குரல்நாண்கள் வெள்ளையாக இரண்டு கோடு மாதிரித் தெரியும். தெரிந்துவிட்டால் டியூப் போட ஐந்து விநாடி வேலை.

தெரியாதவர்கள்தான் கவலை. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி உள்நாக்கு தெரிகிறதா என்று பார்ப்பது ஒரு முன்னோட்டம். ஆந்திராவிலிருந்து அமெரிக்கா போன மல்லம்பட்டி என்ற மயக்கவியல் டாக்டர் 1985-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது, உலகம் முழுக்க அவர் பெயரிலேயே தரம் பிரிக்கிறார்கள். அது மட்டும் போதாது, கழுத்து சாய வேண்டும், தாடை முன்னால் வர வேண்டும், வாய் குறைந்தது மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தக் கழுத்து விஷயத்துக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு, தண்ணீர். நிலத்தடிப் பாறையில் இருக்கும் ஃபுளோரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயசில் குடித்தால் பல் கறை பிடிக்கும், இன்னும் அதிகமாகப் பல வருஷம் குடித்தால் எலும்பும் தசைநார்களும் இறுகி, கழுத்தும் முதுகும் ஒரே கட்டையாகிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் ஓடத் தொடங்கியதே இதற்காகத்தான், திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஐம்பது வருஷம் போர் தண்ணீர் குடித்தவருக்கு இறுகிய கழுத்து இனிமேல் இளகப் போவதில்லை. அந்தப் பெரியவர் அந்த வகை. முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்றால் அங்கேயும் எலும்பு இறுகிக் கிடக்கும். இன்னொரு வகை, தொப்பூர் கணவாயில் லாரியோடு மோதிக் கழுத்துப் பட்டையோடு வருகிறவர்கள். கழுத்தெலும்பு முறிந்திருக்குமோ என்ற பயத்தில் யாரும் சாய்க்க மாட்டார்கள், ஒருவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் டியூப் போட வேண்டும்.

இவர்களுக்காக வந்த வரம் என்று வீடியோ லாரிங்கோஸ்கோப்பைச் சொல்லலாம். பிளேடின் நுனிக்குப் பக்கத்தில் கேமராவும் விளக்கும், படம் திரையில். கண்ணைத் தொண்டைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டதால் வளைவை நேராக்கிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. 2001-ல் கனடாவின் அறுவை மருத்துவர் ஜான் பேசி உருவாக்கிய கிளைட்ஸ்கோப்தான் இதைப் பரவலாக்கியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாத தொண்டையில் இது குரல்நாண்களைப் பளிச்சென்று காட்டும்.

இங்கேதான் புதுசாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். மலைப்பாதை வளைவில் ஒரு குவிகண்ணாடி நட்டால் அந்தப் பக்கம் வருகிற பஸ் தெரியும், ஆனால் வண்டியை நீங்கள்தான் ஒடிக்க வேண்டும். திரையில் குரல்நாண்கள் அழகாகத் தெரியும், டாக்டர் டியூப்பை நீட்டுவார், அது மேலேயும் பக்கத்திலேயும் முட்டிக்கொண்டு நிற்கும். "தெரியுது சார், போக மாட்டேங்குது" என்று ஒரு பயிற்சி டாக்டர் வியர்த்துப் போய்ச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நன்றாக வளைந்த பிளேடுகளில் இது அதிகம். அதற்கு அதே வளைவுள்ள ஸ்டைலெட் என்ற கம்பியை டியூப்புக்குள் விட்டு, டியூப்பையும் கொக்கி மாதிரி வளைத்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். திரையையே முறைத்துக்கொண்டு குத்தினால் திரையில் தெரியாத அண்ணத்தையோ டான்சில் பக்கத்தையோ கிழித்துவிடும். முதலில் வாயைப் பார்த்து பிளேடு, திரையைப் பார்த்து இடம், மறுபடி வாயைப் பார்த்து டியூப், மறுபடி திரை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. சாதாரண மேக்கின்டாஷ் வடிவத்திலேயே கேமரா வைத்த பிளேடுகளில் இந்தத் தொல்லை குறைவு. கேமராவில் ரத்தமோ ஆவியோ படிந்துவிட்டால் எல்லா வீடியோவும் ஒன்றுதான், குருடு.

இப்போது அந்த வேறொன்று. பூஜி. அறுபது எழுபது சென்டிமீட்டர் நீளம், ஐந்து மில்லிமீட்டர் தடிமன், நுனி மட்டும் லேசாக மேலே வளைந்த ஒரு குச்சி. கேமரா இல்லை, பேட்டரி இல்லை. இதையும் தொடங்கி வைத்தவர் அதே மேக்கின்டாஷ்தான், 1949-ல், சிறுநீர்ப் பாதைக்கு வைத்திருந்த கருவியைத் தொண்டைக்குக் கொண்டுவந்தார். குரல்நாண்கள் தெரியாமல் குரல்வளை மூடியின் விளிம்பு மட்டும் தெரிந்தால், அதன் அடியில் நுனியை மேல்நோக்கி வைத்து நடுவாகத் தள்ளுவார்கள். மூச்சுக்குழாயின் முன்பக்கம் குருத்தெலும்பு வளையங்கள் வரிசையாக இருக்கின்றன, பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் கம்பி கேட்டில் குச்சியை உரசிக்கொண்டே போவானே, அந்த மாதிரி டக் டக் என்று விரலில் உணர்வு வரும். உணவுக்குழாயில் அது வராது, வழவழவென்று போகும். இன்னும் மெதுவாக விட்டால் முப்பது நாற்பது சென்டிமீட்டரில் சின்னக் கிளைக்குழாயில் முட்டி நிற்கும், உணவுக்குழாய் என்றால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அதற்காக வேண்டுமென்றே முட்டுகிற வரை தள்ளிப் பார்ப்பதை இப்போது நிறையப் பேர் விரும்புவதில்லை, நுரையீரலில் காயம் படலாம். பூஜி உள்ளே போனதும் அதன் வால்பக்கமாக டியூப்பைக் கோத்து வழுக்கி விடுவதும் வாலைப் பிடித்துக்கொள்வதும் என் வேலை. அப்போது லாரிங்கோஸ்கோப்பை வெளியே எடுத்துவிடக் கூடாது. டியூப் வாசலில் முட்டினால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று சுற்றினால் பெரும்பாலும் இறங்கிவிடும், டியூப்பின் சாய்வான நுனி வலப்பக்கக் குருத்தெலும்பில் மாட்டியிருக்கும், அவ்வளவுதான்.

எது மேல் என்று கேட்டால் ஆராய்ச்சிகளும் ஒரே பதில் சொல்வதில்லை. 2023-ல் அமெரிக்காவில் 17 அவசரப் பிரிவுகளிலும் ஐசியூக்களிலும் 1417 பேரிடம் வீடியோவையும் பழைய பிளேடையும் ஒப்பிட்டார்கள். முதல் முயற்சியிலேயே டியூப் போனது வீடியோவில் நூற்றுக்கு 85 பேருக்கு, பழையதில் 71 பேருக்கு. முதல் முயற்சியைப் பிடித்துத் தொங்குவதற்குக் காரணம், ஒவ்வொரு முறை தோற்கும்போதும் தொண்டை வீங்கும், ரத்தம் கசியும், ஆக்சிஜன் இறங்கும். பூஜி கதைதான் சுவாரசியம். 2018-ல் மின்னியாபோலிஸ் நகரத்து அவசரப் பிரிவு ஒன்றில், கடினமான தொண்டைக்காரர்களிடம் பூஜி 96 சதவீதம், ஸ்டைலெட் 82 சதவீதம். எல்லாரும் துள்ளினார்கள். 2021-ல் பல ஆஸ்பத்திரிகளில் 1102 பேரிடம் செய்தபோது பூஜி 80, ஸ்டைலெட் 83, அதாவது வித்தியாசமே இல்லை. முதல் ஆய்வு நடந்த இடத்தில் டாக்டர்கள் தினமும் பூஜியோடு புழங்கியவர்கள், அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. இவை எல்லாம் அவசர நோயாளிகளின் கணக்கு, நிதானமாக நடக்கிற தியேட்டரில் எந்தக் கருவியிலும் வெற்றி இதைவிட அதிகம்.

எல்.எம்.ஏ. (லாரிஞ்சியல் மாஸ்க் ஏர்வே) என்ற ரகமும் உண்டு, பிரிட்டிஷ் டாக்டர் ஆர்ச்சி பிரெயின் 1981-ல் யோசித்தது. குரல்நாண்களைத் தாண்டாமல் அதன் வாசலில் உட்கார்ந்துகொள்ளும். டியூப் போகாமல் தவிக்கும்போது இதைச் சொருகி முதலில் ஆக்சிஜனைக் கொடுத்துவிடலாம், சில ரகங்களில் அதன் வழியாகவே டியூப்பையும் விடலாம்.

பெரியவருக்கு இவை எதுவுமே முதல் தேர்வாக இல்லை. டாக்டர் ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பைக் கேட்டார், உள்ளே பார்க்க உதவும் மெல்லிய, வளைகிற குழாய் அது, நாங்கள் சும்மா ஃபைபர் என்போம். 1967-ல் லண்டனில் பீட்டர் மர்ஃபி என்பவர் பித்தநாளம் பார்க்கிற ஸ்கோப்பைக் கொண்டு முதலில் செய்தது. இதில் கண்ணும் போகிற பாதையும் ஒன்றேதான், நுனியை நாமே வளைத்துத் திருப்பிக்கொண்டே போகலாம், டியூப் அதன் மேல் ஏற்கெனவே கோத்திருக்கும். கழுத்தை அசைக்கவே வேண்டாம், மூக்கு வழியாகவும் போகும் என்பதால் பாக்குப் போட்டுப் போட்டு வாய் திறக்காமல் போனவர்களுக்கும் இதுதான். கையில் பழக வருஷக்கணக்காகும் என்பதுதான் கஷ்டம். தொண்டைக்கு லிக்னோகைன் அடித்து மரத்துப்போக வைத்து, லேசான மயக்கத்தில், ஆனால் கூப்பிட்டால் விழிக்கிற நிலையில், அவர் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே செய்தார்கள். இரண்டு தடவை இருமினார். டியூப் இறங்கிய பிறகு எல்லார் கண்ணும் மானிட்டரில், வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவைக் காட்டும் அலைக்காக. எந்தக் கருவியில் எவ்வளவு அழகாகத் தெரிந்திருந்தாலும் அந்த அலை வராவிட்டால் டியூப் தப்பான இடத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வந்தது, சீராக. அப்புறம்தான் முழு மயக்கம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் சம்மரியில் தனியாக நாலு வரி எழுதினார்: கழுத்து சாயாது, எந்தக் கருவி, எந்த நம்பர் டியூப், விழித்த நிலையில் போட்டது. மகனிடம் கொடுத்து, "அடுத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டர்கிட்ட இதை மொதல்ல காட்டணும்" என்றார். மகன் தாளை நாலாக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டார்.