கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட லைசென்ஸ் வேண்டுமா?

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஹால் பார்க்க அலைந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மும்பையில் முகூர்த்த மாதத்தில் ஹால் கிடைப்பது எவ்வளவு பாடு என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மத்திய ரயில்பாதை ஓரமாக ஒரு ஹால் ஒருவழியாகப் படிந்தது. மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். வாடகை, டெபாசிட், கரண்ட் மீட்டர், துப்புரவு, ஜெனரேட்டர் டீசல் என்று போய்க்கொண்டே இருந்த பட்டியலில் கீழேயிருந்து இரண்டாவது வரி: மியூசிக் லைசென்ஸ் என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லாச் சான்று) கட்டாயம், இல்லையென்றால் ஸ்பீக்கர் கிடையாது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "நாதஸ்வரத்துக்குமா?" என்று கேட்டார்.

"எந்த மியூசிக்கா இருந்தாலும்தான், அண்ணா" என்றார் மேனேஜர். இந்த ஊரில் தமிழன் என்று தெரிந்துவிட்டால் நம்மைவிட இருபது வயது மூத்தவரும் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. தாளில் இருந்த வரிதான் தப்பு.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எதெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அடுக்கிச் சொல்லும் நீண்ட பிரிவு. அதன் முதல் உட்பிரிவில் கடைசிப் பக்கம் வருவது 'இசட்-ஏ' என்ற கூறு. உண்மையான மதச் சடங்கின்போதும், மத்திய, மாநில அரசுகளோ உள்ளாட்சிகளோ நடத்தும் அதிகாரபூர்வ விழாவின்போதும் ஒரு பாடலைப் பாடினாலோ, வாசித்தாலோ, ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க வைத்தாலோ மீறல் ஆகாது. அதோடு ஒரு விளக்கமும் உண்டு: மதச் சடங்கு என்பதில் கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய மற்றச் சமூகக் கொண்டாட்டங்களும் அடங்கும். 1994-இல் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த கூறு இது. 1995 மே மாதத்திலிருந்து அமலில் இருக்கிறது. முப்பது வருஷமாக இருக்கிற சலுகை என்றாலும், ஹால் தாளில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

ஊர்வலம் என்றால் நம் வழக்கில் மாப்பிள்ளை அழைப்பு. மற்றக் கொண்டாட்டம் என்பதில் நலங்கு, ரிசப்ஷன், இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் பழகிக்கொண்டுவிட்ட சங்கீத் இரவு எல்லாமே வரும் என்பதுதான் நேரான வாசிப்பு. கடைசியாகச் சொன்ன அந்தச் சங்கீத் இரவில்தான் தகராறே. பெரிய ஹோட்டலில் டிஜே வைத்து ஆடுவது மதச் சடங்கா என்று இசை நிறுவனங்கள் கேட்கின்றன. சட்டத்தின் விளக்கத்தில் 'சமூகக் கொண்டாட்டம்' என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும்போது ஐயர் மந்திரம் சொல்லும் நேரத்துக்கு மட்டும்தான் சலுகை என்று எப்படிச் சுருக்க முடியும் என்பது என் கேள்வி.

சரி, கேட்பது யார்? இது புரியாமல் பாதிப் பேர் பயந்து கட்டிவிடுகிறார்கள். ஒரு சினிமாப் பாட்டில் மூன்று உரிமை இருக்கிறது. பாடல் வரிக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, பதிவு செய்த ஒலிக்கு ஒன்று. வரிக்கும் மெட்டுக்கும் வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். 1969-இல் தொடங்கி மும்பையிலேயே இருக்கும் பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கம். ஒலிப்பதிவுக்குப் பதிவுபெற்ற சங்கம் ஆர்.எம்.பி.எல். இவை போக பி.பி.எல்., நோவெக்ஸ் போன்றவை பதிவு செய்த சங்கங்கள் அல்ல. பாட்டுக் கம்பெனிகளிடமிருந்து உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, நாங்களே உரிமையாளர் என்ற முறையில் லைசென்ஸ் கொடுக்கிறோம் என்கின்றன.

அப்படிக் கொடுக்கலாமா என்பதிலேயே நீதிமன்றங்கள் ஒரு குரலில் பேசவில்லை. சங்கமாகப் பதிவு செய்யாமல் முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொன்னது. முடியும் என்று நம்ம பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னது. 2025 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்ற அமர்வு ஓர் உணவகக் குழும வழக்கில், பி.பி.எல்.லுக்குக் கட்டுவதானால் ஆர்.எம்.பி.எல். கட்டண விகிதப்படி கட்டு என்றது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. ஹோட்டல்காரர்களுக்கும் பார் வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சண்டை முக்கியம். கல்யாண வீட்டுக்காரருக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. 'இசட்-ஏ' கூறு பொருந்தினால், கேட்பவர் பதிவுபெற்றவரா இல்லையா என்ற கேள்விக்கே போக வேண்டாம்.

கல்யாணத்துக்கென்றே அரசு இரண்டு முறை அறிவிப்பு விட்டிருக்கிறது. வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள டி.பி.ஐ.ஐ.டி. துறை முதலில் 2019 ஆகஸ்டில் விட்டது. அதைப் பஞ்சாப் – ஹரியானா உயர்நீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தது. பிறகு 2023 ஜூலை 24-ஆம் தேதி மறுபடி ஒரு பொது அறிவிப்பு. கல்யாணங்களில் இந்தச் சலுகையை மீறி யாரும் வசூலில் இறங்கக் கூடாது, பொதுமக்களும் தேவையில்லாத கோரிக்கைக்குப் பணிய வேண்டாம் என்று சொன்னது. வாட்ஸ்அப்பில் 'இனிமேல் பாட்டுக்குக் காசு இல்லை, மத்திய அரசு அதிரடி' என்று சுற்றியது இதுதான். இனிமேல் என்ன இனிமேல், 1995-லிருந்தே இல்லை.

கோவா அரசு ஒருபடி மேலே போய் 2024 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை போட்டது. ஹோட்டலோ சங்கமோ கல்யாணத்துக்கு ராயல்டி கேட்டால் புகார் கொடுக்கலாம் என்ற ரீதியில். அந்த ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் கோவா அமர்வு அதை ரத்து செய்தது. உடனே 'கல்யாணச் சலுகை போச்சு' என்று சிலர் எழுதினார்கள். போனது சுற்றறிக்கைதான். சட்டத்தில் இல்லாததைச் சுற்றறிக்கையால் சேர்க்க முடியாது என்பதுதான் அங்கே விஷயம். சட்டக் கூறு அப்படியே நிற்கிறது. அதனால் ஹாலில் பேசும்போது அரசு அறிவிப்பை முன்னால் நீட்டாதீர்கள், சட்டப் பிரிவை நீட்டுங்கள். அறிவிப்பை ரத்து செய்துவிட்டார்களே என்று எதிராளி சொல்ல வழி இருக்கிறது, பிரிவைப் பற்றி அப்படிச் சொல்ல வழி இல்லை.

ஹால்காரரையும் முழுக்கத் திட்ட முடியாது. 51-வது பிரிவு அவரைப் பிடிக்கிறது. இலாபத்துக்காக இடத்தை விட்டு, அங்கே மீறல் நடந்தால், இடம் கொடுத்தவரும் மாட்டுவார், தெரியாமல் நடந்தது என்று அவர் காட்டினால் ஒழிய. 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் இது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் வேறு சொல்லிவிட்டது. இரண்டு வக்கீல் நோட்டீஸ் வந்தால் மேனேஜர் என்ன செய்வார்? எல்லோரிடமும் என்.ஓ.சி. கேட்டுவிட்டால் தலைவலி விட்டது என்று தாளில் ஒரு வரி சேர்த்துவிடுவார். அவருடைய பயத்துக்கு நாம் காசு கட்டுகிறோம்.

எங்கள் விஷயத்தில் ஒரு பக்கக் கடிதம்தான் வேலை செய்தது. ஆங்கிலத்தில் எழுதினேன், மராத்தியிலும் எழுதலாம். இன்ன தேதி, இன்னாருடைய கல்யாணம், முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு, காலையில் முகூர்த்தம், மாலையில் வரவேற்பு. இவை 52-வது பிரிவின் 'இசட்-ஏ' கூறில் அடங்கும், ஆகவே மீறல் இல்லை, டிக்கெட் எதுவும் விற்கவில்லை, இதில் தகராறு வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு எங்களுடையது. கீழே அண்ணன் கையெழுத்து. கூடவே கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், இதில் அதுதான் ஆவணம். 'மாலை 6.30 மணிக்கு வரவேற்பு, இன்னிசை' என்று அதே பத்திரிகையில் அச்சாகியிருந்தால் அந்த லைட் மியூசிக் கல்யாணத்தோடு சேர்ந்ததுதான் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 'பொறுப்பு எங்களுடையது' என்ற வரியைப் படித்ததும் மேனேஜர் முகம் தெளிந்தது. நகலில் ஹால் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டோம்.

கடிதத்துக்கும் மசியவில்லை என்றால் பணம் கேட்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பாடல்களுக்கு, யார் சார்பில், எந்த உரிமைக்கு, பதிவுச் சான்றிதழ் உண்டா, கட்டணப் பட்டியல் எங்கே. பதிவுபெற்ற சங்கங்கள் கட்டணத்தை வெளியிட்டே ஆக வேண்டும், சட்டத்தின் 33ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. ஹால் தன் பில்லில் சேர்த்து வசூலித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மிரட்டல் நோட்டீஸ் வந்தால் 60-வது பிரிவு கைகொடுக்கும். ஆதாரமில்லாமல் மிரட்டியவர் மீது நாமே வழக்குப் போட்டுத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். கல்யாணச் செலவுக்கு நடுவில் யார் கோர்ட்டுக்குப் போவார் என்பீர்கள், நியாயம்தான். ஆனால் அந்தப் பிரிவு எண்ணை ஒரு பதில் கடிதத்தில் எழுதக் காசு ஆகாது.

எதற்கெல்லாம் சலுகை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புத்தாண்டு இரவு, கம்பெனி பார்ட்டி, ஹோட்டல் லாபியில் நாள் முழுக்க ஓடும் பாட்டு, டிக்கெட் வைத்த கச்சேரி எதுவும் இதில் வராது. ஹாலில் கேக் வெட்டும் பிறந்தநாள் விழாவும் வராது. காதுகுத்து, வளைகாப்பு, பூணூல் போன்றவற்றில் சடங்கு நடக்கும் நேரம் உண்மையான மதச் சடங்கு என்ற முதல் வரியிலேயே அடங்கிவிடும். ஆனால் அவற்றை ஒட்டிய விருந்துக்கும் ஆட்டத்துக்கும் கல்யாணத்துக்கு இருப்பது போலத் தனி விளக்கம் சட்டத்தில் இல்லை. அறுபதாம் கல்யாணம்? ஹோமம் உண்டு, மறுபடி தாலி கட்டுகிறார்கள். அதை மதச் சடங்கு இல்லை என்று சொல்ல ஒரு நிறுவனம் துணிந்தால் அந்த வாதத்தைக் கேட்க நானே நேரில் போவேன்.

தாராவி, செம்பூர், டோம்பிவிலி பக்கம் தமிழ்ச் சங்க ஆண்டு விழா நடத்துபவர்களுக்கு வேறு இரண்டு கூறுகள் உதவும். இலாப நோக்கமில்லாத சங்கம் தன் நடவடிக்கையின் பகுதியாக ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கலாம். தொழில்முறை அல்லாத குழு, காசு வாங்காத கூட்டத்துக்கு முன்னால் பாடலாம், ஆடலாம். ஹவுசிங் சொசைட்டியில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமேயான ஹாலில் ஒலிப்பதிவு போடுவதற்கும் இதே இடத்தில் விலக்கு உண்டு. கணபதி பந்தலில் பூஜை நேரத்துக்கு மதச் சடங்கு என்பதே போதும்.

நாதஸ்வரம் பற்றி அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. பாட்டுக்கும் மெட்டுக்கும் உரிமை, எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரைதான். 1847-இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைக்கு எவரும் காசு கேட்க முடியாது, சலுகையே தேவையில்லை. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார், அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. முகூர்த்தத்தில் வித்வான் எதை வாசித்தாலும் 'இசட்-ஏ' காப்பாற்றும் என்பது வேறு விஷயம்.

காப்பாற்றாத இடம் செல்போன். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்காகக் கல்யாணத்தை யூடியூபில் நேரலை விடுகிறோம், மறுநாள் ரீல்ஸ் போடுகிறோம். அங்கே முதலில் தீர்ப்புச் சொல்வது சட்டப் பிரிவு இல்லை, ஒலியைப் பொருத்திப் பார்க்கும் இயந்திரம். பின்னால் ஸ்பீக்கரில் ஓடிய சினிமாப் பாட்டைக் கண்டுபிடித்தால் சத்தத்தை அடைக்கும், அல்லது விளம்பர வருமானத்தைப் பாட்டுக் கம்பெனிக்குத் திருப்பும். நேரலையாக விடுவது சடங்கின்போது கேட்க வைப்பதில் சேரும் என்று வாதாடலாம். மறுநாள் வெட்டி ஒட்டிப் போடும் ரீலுக்கு அந்த வாதமும் நிற்காது. ஆனால் நேரில் வாசித்த தியாகராஜர் கீர்த்தனையை ஒரு கம்பெனியின் ஒலிப்பதிவு என்று இயந்திரம் தப்பாக முத்திரை குத்தினால் சும்மா விடாதீர்கள். ஆட்சேபணை தெரிவித்தால், உரிமை கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம், சொல்லாவிட்டால் கோரிக்கை விழுந்துவிடும். முடிந்தால் நேரலை எடுப்பவரிடம் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் ஸ்பீக்கர் பாட்டை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். கெட்டிமேளம் மட்டும் கேட்டால் போதும், அடைப்பு விழாது.

ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி தனி. அதற்கும் காப்பிரைட்டுக்கும் சம்பந்தம் இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஸ்பீக்கர் கூடாது, இதில் கல்யாணத்துக்குச் சலுகை கிடையாது. எங்கள் ரிசப்ஷனில் 9.50-க்கே மேனேஜர் மெயின் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அண்ணன் அவருக்கு ஒரு தட்டு ரசமலாய் அனுப்பி வைத்தார்.