மலைமழைக்கு மேலாடை வாங்குமுன்: விலைச்சீட்டில் அச்சிடப்படாத செய்திகள்

உத்தராகண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆண்டுதோறும் ஜூன் மாதம் திறக்கப்படுகிறது. மலர்கள் மிகுதியாகப் பூக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே அங்கே பருவமழை ஓயாமல் பெய்யும் மாதங்களும் ஆகும். தமிழ்நாட்டிலிருந்து அங்கு செல்லும் குழுக்களுக்கு வழிகாட்டியாகப் பணிபுரியும் என்னிடம், புறப்படுவதற்கு முன் அதிகம் கேட்கப்படும் கேள்வி, எத்தனை மில்லிமீட்டர் நீர்புகாத் திறனுள்ள ஜாக்கெட் வாங்க வேண்டும் என்பதுதான். கடைகளில் 5,000, 10,000, 20,000 என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதால் அந்தக் கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஆயினும் 20,000 என்று அச்சிட்ட சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பவரையும், அதில் பாதி விலைக்கு வாங்கிய சட்டையோடு சிரமமின்றி நடப்பவரையும் ஒரே பாதையில், ஒரே மழையில் பார்த்துவருகிறேன். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஆபத்து எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நனைவதனால் மட்டும் மலையில் யாருக்கும் உயிராபத்து வருவதில்லை. நனைந்த உடல் காற்றில் வெப்பத்தை இழப்பதே ஆபத்து. நீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே உடைக்குள் தேங்கி நிற்கும் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டவுடன் உடலின் வெப்பம் விரைவாக வெளியேறத் தொடங்குகிறது. உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் கீழ் இறங்கும் நிலையை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். இதற்குப் பனி பெய்ய வேண்டும் என்பதில்லை. வெப்பநிலை 5 அல்லது 8 டிகிரியாக இருக்கும்போது மழையும் காற்றும் சேர்ந்து அடித்தாலே போதும். உறைபனியைக் கண்டால் கவனமாக இருப்பவர்கள் இந்த மழைக்குளிரை அலட்சியம் செய்துவிடுகிறார்கள். பள்ளத்தாக்கின் அடிவார ஊரான கங்காரியாவில் இதமாக இருந்த காலைப்பொழுதை நம்பி, அங்கிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரத்திலுள்ள ஹேம்குண்ட் சாகிப் என்ற சீக்கியத் திருத்தலத்துக்கு ஏறுகிறவர், அந்த உயர வேறுபாட்டினால் மட்டுமே ஏறத்தாழ 6 டிகிரி வெப்பத்தை இழக்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் பாதையில், கர்நாடகத்திலிருந்து சென்ற குழுவினர் ஒன்பது பேர் மோசமான வானிலையில் சிக்கி உயிரிழந்தனர். அத்தகைய துயரங்களுக்குப் பல காரணங்கள் இருக்கும். உடையை மட்டும் காரணமாகக் காட்டுவது நேர்மையாகாது. ஆனால் கோடைக்காலத்தில்கூட இமயமலையின் உயரங்களில் வானிலை எவ்வளவு விரைவாகத் திரும்பும் என்பதற்கு அந்த நிகழ்வு சான்றாக நிற்கிறது.

ஷெல் ஜாக்கெட் என்பது பஞ்சோ இறகோ நிரப்பப்படாமல், மழையையும் காற்றையும் தடுப்பதற்காகவே மற்ற எல்லா உடைகளுக்கும் மேல் அணியப்படும் சட்டையாகும். அது தானாக வெப்பம் தருவதில்லை. வியர்வையை உறிஞ்சித் தேக்காத செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளி உள்ளாடையும், அதன்மேல் ஃப்ளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழைக் கதகதப்புச் சட்டையும் சேர்த்துக்கொள்ளும் வெப்பத்தைக் காற்று பறித்துவிடாமல் காப்பதே அதன் வேலை. உள்ளே பருத்தி பனியனை அணிந்துகொண்டு எவ்வளவு விலையுயர்ந்த ஷெல்லை மேலே போட்டாலும் பயனில்லை, ஏனெனில் வியர்வையில் நனைந்த பருத்தி நடை நின்ற மறுநிமிடமே குளிரத் தொடங்கிவிடும்.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். 10,000 மில்லிமீட்டர் என்றால், துணியின்மீது 10 மீட்டர் உயர நீர்த்தூண் நின்றாலும் நீர் ஊடுருவாது என்பது பொருள். அது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். வானத்திலிருந்து விழும் துளி அந்த அளவுக்கு அழுத்துவதில்லை. முதுகுப்பையின் பட்டை தோளை அழுத்தும் இடத்திலும், ஈரப்பாறைமீது உட்காரும்போதும்தான் கூடுதல் அழுத்தம் உண்டாகிறது. என் அனுபவத்தில், நாள் முழுவதும் சுமையோடு மழையில் நடப்பவருக்கு 10,000 என்பது குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணுக்காகச் செலவிடாமல், தையலுக்காகவும் ஹூடுக்காகவும் செலவிடுவதே அறிவுடைமை. ஊசி நுழைந்த ஒவ்வொரு துளையும் நீருக்கு வழியாகும் என்பதால், உட்பக்கம் எல்லாத் தையல்களின்மீதும் நீர்புகா நாடா ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சில சட்டைகளில் தோள், ஹூடு ஆகிய இடங்களில் மட்டும் நாடா ஒட்டிவிட்டு அக்குளையும் பக்கவாட்டையும் விட்டுவிடுவார்கள். கடையிலேயே சட்டையை உள்வெளியாகத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று மட்டும் எழுதியிருக்கும் விண்ட்சீட்டர்களில் பெரும்பாலும் இந்த நாடாவே இராது. அவை தூறலுக்கு மட்டும் உரியவை.

வியர்வை ஆவி எவ்வளவு வெளியேறும் என்பதைக் குறிக்க விலைச்சீட்டில் அச்சிடப்படும் இரண்டாவது எண்தான் அதிக ஏமாற்றத்தைத் தருகிறது. 1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கப் பொறியாளர், டெஃப்லான் என்ற பெயரில் நாம் அறிந்த பொருளைச் சட்டென்று இழுத்து விரித்தபோது நுண்துளைகள் நிறைந்த சவ்வு கிடைத்தது. 1970களின் பிற்பகுதியில் அது கோர்-டெக்ஸ் என்ற பெயரில் உடைகளில் இடம்பெற்றது. அதன் துளைகள் நீர்த்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியவை, நீராவி மூலக்கூற்றைவிடப் பெரியவை. ஆகவே மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியேறும். இந்த விளக்கம் சரியானதே. ஆனால் ஆவி வெளியேறுவதற்கு உள்ளே சூடும் ஈரமும் மிகுந்தும், வெளியே குளிர்ந்து வறண்டும் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு 10,000 கிராம் என்று அச்சிட்ட துணி, ஆய்வகத்தின் சாதகமான சூழலில்கூட மணிக்கு ஏறத்தாழ 400 கிராம் ஆவியைத்தான் கடத்தும். செங்குத்தான ஏற்றத்தில் சுமையோடு ஏறுகிறவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்க்கக்கூடும். அதற்கு மேல், நிறுவனங்கள் இந்த அளவை வெவ்வேறு முறைகளில் சோதிப்பதால் ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடவும் இயலாது. எனவே எந்தச் சவ்வையும் முழுமையாக நம்பாமல், அக்குளின் கீழ் திறந்துகொள்ளும் ஜிப் உள்ள சட்டையைத் தேர்ந்தெடுக்குமாறு நான் வலியுறுத்துகிறேன். ஏறும்போது அதைத் திறந்தும், காற்றுவீசும் முகட்டில் மூடியும் நடப்பதனால் கிடைக்கும் பயன், எந்த உயர்ரகச் சவ்வும் தராத பயனாகும்.

இதே காரணத்தால், இமயமலைக்காக வாங்கிய சட்டை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் ஏமாற்றமளிக்கும். வால்பாறைப் பக்கம் ஜூலை மாதத்தில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது ஆவி எங்கே போகும்? அங்கே காடுசூழ்ந்த பாதையில் நடப்பவருக்குக் காற்றோட்டமுள்ள போன்சோவோ (தலைவழியாக மாட்டும் தளர்ந்த மழைப்போர்வை) குடையோ கூடுதல் வசதி. உடல் சற்று நனைந்தாலும் சூடு குறைவதில்லை. ஆனால் இந்தப் பழக்கத்தை அப்படியே மூவாயிரம் மீட்டருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. காற்றில் போன்சோ படபடத்து மேலெழும்பி, இடுப்பு வரை நனைத்துவிடும். கால் வைக்கும் இடத்தையும் மறைக்கும்.

ஜாக்கெட் ஒழுகுகிறது என்று என்னிடம் முறையிடுபவர்களில் பெரும்பாலோரின் சட்டை உண்மையில் ஒழுகுவதில்லை. சவ்வின் வெளிப்புறத்தில் ஒரு நெசவுத்துணி இருக்கிறது. அதன்மேல் நீரை உருண்டோடச் செய்யும் நீர்விலக்கிப் பூச்சு பூசப்பட்டிருக்கிறது. புதுச் சட்டையில் மழை, தாமரை இலைமேல் நீர் போல் உருளுவது இந்தப் பூச்சினால்தான். உராய்வு, வியர்வை, சன்ஸ்க்ரீன், சமையல் புகை ஆகியவற்றால் அது தேய்ந்துவிட்டால் வெளித்துணி நீரைக் குடித்துப் பாரமாகி, உடலோடு ஒட்டிக் குளிரும். நீர்ப்படலம் மூடிக்கொண்டதால் உள்ளிருந்து ஆவியும் வெளியேறாது. வியர்வை உட்புறத்தில் துளியாகத் தேங்கும். அணிந்திருப்பவருக்கு அது மழைநீர் என்றே தோன்றும். இந்தப் பூச்சில் பயன்பட்டுவந்த, அழியாமல் நீடித்து நிற்கும் ஃப்ளூரின் வேதிப்பொருள்கள் சூழலுக்குக் கேடு என்பதால் நிறுவனங்கள் அவற்றைக் கைவிட்டுவருகின்றன; கலிஃபோர்னியா போன்ற இடங்களில் சட்டக் கட்டுப்பாடும் வந்துள்ளது. அந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் புதிய பூச்சுகள் எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் முன்போல் தாங்குவதில்லை என்பதால், சட்டையை அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கிறது. துவைத்தால் கெட்டுவிடும் என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் துவைக்காமல் வைத்திருப்பதே பூச்சைக் கெடுக்கிறது. சாதாரண சலவைத்தூளும், குறிப்பாகத் துணி மென்மையாக்கும் திரவமும் துணியில் படிந்து நீரை ஈர்க்கும் ஆதலால், நிக்வாக்ஸ் போன்ற இதற்கென்றே உள்ள திரவத்தில் துவைத்து நன்றாக அலச வேண்டும். பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால், ஒரு மெல்லிய துணியை மேலே விரித்து, நீராவி இல்லாமல் குறைந்த சூட்டில் இஸ்திரி போடலாம். அந்தச் சூட்டிலேயே தளர்ந்த பூச்சு ஓரளவு மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். அப்படியும் நீர் உருளவில்லை என்றால் மறுபூச்சுத் திரவம் தேவை.

நம் ஊர் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. நடுத்தர விலைச் சட்டைகளில் பெரும்பாலானவை பாலியூரித்தேன் பூச்சு கொண்டவை. அது வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த சூழலில் வேதிமாற்றம் அடைந்து பிசுபிசுத்து, பின் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பையில் அடைத்துப் பரணில் வைக்கப்பட்ட சட்டை, ஒருமுறைகூட அணியப்படாமலே இவ்வாறு அழியக்கூடும். நன்கு உலர்ந்தபின், சுருட்டாமல், காற்றோட்டமுள்ள அலமாரியில் தொங்கவிடுவதே பாதுகாப்பு. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வெளியே எடுத்து, அணிந்துகொண்டு பத்து நிமிடம் ஷவரின் கீழ் நின்று பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் சரிசெய்யவோ மாற்றவோ அப்போது நேரமிருக்கும்.

கடையில் அளவு பார்க்கும்போது உள்ளே ஃப்ளீஸ் அணிந்து, முடிந்தால் முதுகுப்பையையும் மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினால் கீழ்விளிம்பு இடுப்புக்கு மேல் ஏறக் கூடாது. மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. ஹூடு என்பது தலையை மூடும் துணி மட்டுமன்று. குல்லாயோடு அது பொருந்த வேண்டும். முன்விளிம்பு விறைப்பாக நின்று முகத்தில் நீர் வழியாமல் தடுக்க வேண்டும். பின்புறத்திலும் இறுக்கும் கயிறு வேண்டும். தலையை இடப்பக்கம் திருப்பும்போது ஹூடும் உடன் திரும்பாமல், கண் துணிக்குள் மறைந்துபோனால் அந்தச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈரப்பாறையில் பக்கவாட்டைப் பார்க்க முடியாமல் நடப்பது குளிரைவிட உடனடியான ஆபத்து. இடுப்புப்பட்டையின் கீழ் மறைந்துபோகும் பைகளால் பயனில்லை. நீர்புகா ஜிப் என்று சொல்லப்படுபவை அடைமழையில் சிறிதளவு கசியவே செய்யும் என்பதால், முன்ஜிப்பின் உட்புறம் ஒரு மடிப்புத்துணி இருப்பது நல்லது. நிறம் அவரவர் விருப்பம் என்றாலும், மூடுபனியில் தொலைந்தவரைத் தேடிய அனுபவம் உள்ளவன் என்ற முறையில், சாம்பலும் கரும்பச்சையும் வேண்டாம், ஆரஞ்சோ சிவப்போ வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கிய சட்டையை எப்போது அணிவது என்பதும் முக்கியம். மழை வலுத்து, உள்ளாடை நனைந்தபின் ஷெல்லை எடுப்பவர் ஈரத்தை உள்ளே பூட்டிக்கொள்கிறார். முதல் துளிகள் விழும்போதே அணிய வேண்டும். ஏற்றத்தில் ஃப்ளீஸைக் கழற்றிவிட்டு, லேசாகக் குளிர்வதுபோல் உணர்ந்தபடியே நடப்பது நல்லது. கழற்றிய ஃப்ளீஸும் மாற்றுடையும் முதுகுப்பைக்குள் நீர்புகாப் பையில் இருக்க வேண்டும்; பையின்மேல் போடும் உறை மட்டும் போதாது. உடன் நடப்பவர் ஜிப்பைப் போட முடியாமல் விரல் தடுமாறுகிறார், சொற்கள் குழறுகின்றன, அடிக்கடி இடறுகிறார் என்றால் அதைக் களைப்பு என்று ஒதுக்காமல் உடனே காற்று மறைந்த இடத்துக்கு அழைத்துச் சென்று, ஈர உடையை மாற்றி, உறக்கப்பைக்குள் வைத்து, விழுங்கும் நிலையில் இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்க வேண்டும். நடுக்கம் நின்றுபோவது தேறியதன் அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது. உடல் மேலும் மோசமாகக் குளிர்ந்திருக்கக்கூடும். அத்தகையவரை அலைக்கழிக்காமல் படுக்கவைத்து உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

ஒருமுறைப் பயணத்துக்காகப் பெருந்தொகை செலவிட இயலாதவர்கள் மணாலி, சாங்க்ரி போன்ற அடிவார ஊர்களில் வாடகைக்கு எடுப்பதுண்டு. அதில் தவறில்லை. ஆனால் கடையிலேயே தோள்பகுதியில் அரைக் குவளை நீரை ஊற்றி, இரண்டு நிமிடம் காத்திருந்து பாருங்கள். நீர் உருண்டோடாமல் கறையாகப் பரவினாலும், உட்பக்கத்து நாடா உரிந்திருந்தாலும் வேறொன்றைக் கேளுங்கள். நல்லது எதுவும் கிடைக்காத நிலையில், ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் அணியும் தடித்த பிளாஸ்டிக் மழைக்கோட்டையும் காற்சட்டையையும் கடைத்தெருவில் வாங்கிக்கொள்வது, பூச்சுப்போன உயர்ரகச் சட்டையை நம்புவதைவிடப் பாதுகாப்பானது. அதற்குள் வியர்க்கும், ஆகவே மெதுவாக நடந்து, மழை விடும் நேரங்களில் முன்பக்கத்தைத் திறந்துவைத்து, தங்குமிடம் சேர்ந்தவுடன் உள்ளாடையை மாற்றிக்கொள்ளுங்கள்.