ஒரே ‘இருந்தால்’, ஆங்கிலத்தில் இரண்டு

அலுவலகப் பணியாளர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான், நிபந்தனை வாக்கியங்களைத் தொடங்கும் நாளில் பலகையில் முதலில் எழுதுவது ஒரு தமிழ் வாக்கியத்தைத்தான்: ‘பணம் இருந்தால் வீடு வாங்குவேன்.’ இதைச் சொல்பவர் அடுத்த மாதம் கைக்கு வரவிருக்கும் பணத்தை நம்பிப் பேசுகிறாரா, கையில் காசே இல்லாமல் ஏக்கத்தில் பேசுகிறாரா என்பதைத் தமிழில் சூழலும் குரலும் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் வினைச்சொல்லே அதைச் சொல்லியாக வேண்டும். முன்னவர் ‘இஃப் ஐ ஹேவ் த மணி, ஐ வில் பை எ ஹவுஸ்’ என்பார். பின்னவர் ‘இஃப் ஐ ஹேட் த மணி, ஐ வுட் பை எ ஹவுஸ்’ என்பார். இந்த ‘ஹேட்’ நேற்றைய நிகழ்ச்சியைக் குறிக்கவில்லை. பணம் இப்போது இல்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லை என்பதைக் குறிக்கிறது.

இறந்தகால வடிவம் எப்படி இறந்தகாலத்தைக் காட்டாமல் போகும் என்று கேட்பவர்களிடம், ‘நாளை வந்தால்’ என்று சொல்லிப் பார்க்கச் சொல்வேன். ‘வந்தான்’ என்பதில் உள்ள அதே இறந்தகால அடிதான் ‘வந்தால்’ என்பதிலும் இருக்கிறது. ஆனாலும் நாம் பேசுவது நாளைய வரவைப் பற்றி.

இந்த வேறுபாடு தேர்வுத்தாளோடு நின்றுவிடுவதில்லை. கடன் பிரிவில் பணிபுரிந்த என் மாணவி ஒருவர், ‘வுட்’ சேர்த்தால் மரியாதை கூடும் என்று நம்பி, ‘இஃப் யூ சப்மிட்டட் த டாக்குமென்ட்ஸ், வீ வுட் ப்ராசஸ் யுவர் லோன்’ என்று வாடிக்கையாளருக்கு எழுதிவிட்டார். ஆவணங்களைத் தர மாட்டேன் என்று ஏன் நினைக்கிறீர்கள் என்று பதில் வந்தது. வேண்டுகோளில் ‘வுட் யூ’ பணிவுதான். இங்கோ அது ஐயமாக ஒலித்தது. ‘சப்மிட்’, ‘வில்’ என்று மாற்றியிருந்தால் போதும்.

‘இஃப் இட் வில் ரெய்ன்’ என்று எழுதுவது மற்றொரு பரவலான பிழை. எதிர்கால நிகழ்வுக்கான நிபந்தனையில் ‘இஃப் இட் ரெய்ன்ஸ்’ என்றே எழுத வேண்டும். ஒருவரின் இசைவைக் கேட்கும் ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட்’ போன்றவை விலக்கு.

நடக்காமல் போனதைச் சொல்லும்போது தமிழே நமக்குக் கைகொடுக்கிறது. ‘சொல்லியிருந்தால் வந்திருப்பேன்’ என்பதன் இரு பாதிகளும் ‘இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்’ என்பதில் அப்படியே பொருந்துகின்றன. ‘இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ’ என்பது பேச்சில் காதில் விழலாம். எழுத்தில் அதை விட்டுவிடுங்கள்.

இந்த ‘வில்’, ‘வுட்’, ‘வுட் ஹேவ்’ வடிவங்களை முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று அட்டவணையாக மனப்பாடம் செய்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ‘இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பீ இன் சென்னை நவ்’ என்று சரியாக எழுதிய ஒருவர், ‘இஃப்’ பாதியில் ‘ஹேட் டேக்கன்’ வந்தால் மறுபாதியில் ‘வுட் ஹேவ்’தான் வர வேண்டும் என்ற அட்டவணைக்குப் பயந்து ‘வுட் பீ’யை அடித்து ‘வுட் ஹேவ் பீன்’ ஆக்கியிருந்தார். வேலையில் சேராதது அன்று, சென்னையில் இல்லாதது இன்று என்று அவரையே தமிழில் சொல்லச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தாளை வாங்கி, அடித்ததைத் திரும்ப எழுதிவிட்டார்.