விரலோடு நகரும் திரை

செல்பேசியில் ஏதேனும் ஒரு செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையின் அடிவிளிம்பிலிருந்து கட்டைவிரலை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். பெரும்பாலான புதிய செல்பேசிகளில் அந்தச் செயலி ஓர் அட்டையைப்போலச் சுருங்கி விரலோடு நகரும். பாதி வழியில் மனம் மாறி விரலைக் கீழே இறக்கினால், ஒன்றுமே நடக்காததுபோல மீண்டும் விரிந்துகொள்ளும். பொத்தானில் இதற்கு இடமில்லை, அழுத்தினால் அழுத்தியதுதான். விரலசைவால் செல்பேசியை இயக்குவதில் பலருக்கும் உள்ள ஈர்ப்புக்கு, இடத்தை மிச்சப்படுத்துவதைவிட இந்த நெகிழ்வே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இதற்குத் திரை விரலை ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் அமைந்திருக்கின்றன. மின்சாரத்தைக் கடத்தும் நம் விரல் நெருங்கும்போது, அந்த வலையின் சில சந்திப்புகளில் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், சற்றே மாறுகிறது. ஒரு விரல் ஒரே சமயத்தில் பல சந்திப்புகளைப் பாதிப்பதால், அம்மாற்றங்களின் மையத்தைக் கணக்கிட்டு, கடத்திகளுக்கு இடையிலுள்ள தொலைவைக் காட்டிலும் நுட்பமாக விரலின் இடத்தை அறிய முடிகிறது. பல செல்பேசிகளில் இக்கணக்கு நொடிக்கு 100 முறைக்கு மேல் நடப்பதால், விரலின் திசையும் வேகமும் உடனுக்குடன் தெரிந்துவிடுகின்றன. விரலை எடுக்கும் கணத்தில் முடிவு எடுக்கப்படுகிறது: விரைவாகச் சுண்டியிருந்தால் முகப்புத் திரை, இழுத்துச் சற்றே நிறுத்தியிருந்தால் அண்மையில் பயன்படுத்திய செயலிகளின் வரிசை. விரல் விலகிய பிறகும் அட்டை அதே வேகத்தில் தொடர்ந்து சென்று அடங்குவதால், நாமே அதைத் தள்ளிவிட்டதாகக் கை நம்புகிறது.

2009இல் வந்த பாம் ப்ரீ என்ற செல்பேசி, திரைக்குக் கீழே விரலசைவுக்கென ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தது. 2011இன் நோக்கியா என்9 முன்பக்கப் பொத்தானையே நீக்கியது. ஆனாலும் 2017இல் ஐபோன் எக்ஸும் 2019இல் ஆண்ட்ராய்டு 10உம் வந்த பிறகே இம்முறை பரவலானது.

குறைகளும் உண்டு. திரையில் நீர்த்துளிகள் இருந்தால் மின்தேக்குத்திறன் கணக்குக் குழம்பும். ஆண்ட்ராய்டில் பக்கவாட்டிலிருந்து இழுத்துத் திறக்கும் பட்டியலும், பின்னால் செல்லும் அசைவும் ஒரே விளிம்புக்குப் போட்டியிடுகின்றன. பொத்தான் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். அசைவை யாராவது சொல்லித்தர வேண்டும். இங்கே பிடித்து இழுக்கலாம் என்பதை உணர்த்தவே அடிவிளிம்பில் ஒரு சிறு கோடு இருக்கிறது. பக்க விளிம்புகளில் அதுவும் இல்லை.