பாப்ளிங்: மழலை என்று எழுதலாமா?

குழந்தை மொழி வளர்ச்சி ஆய்வுகளைத் தமிழில் எழுதுவோர் 'பாப்ளிங்' (babbling: பேச்சு வருமுன் குழந்தை 'பாபாபா' என்று ஒலிப்பது) என்ற சொல் வந்ததும் யோசிக்காமல் 'மழலை' என்று போட்டுவிடுகிறார்கள். காதுக்கு இனிமைதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு பருவத்தைக் குறிப்பவை.

ஆங்கிலச் சொல் ஒலிக்குறிப்பாகப் பிறந்தது. உதடுகள் ஒட்டிப் பிரியும்போது எழும் 'ப-ப'தான் அதன் வேர். மொழிகள் குழம்பிப் பிரிந்ததாக விவிலியம் சொல்லும் பாபேல் கோபுரத்தோடு அதை முடிச்சுப் போடுவோர் உண்டு. அகராதிக்காரர்கள் நேரடித் தொடர்பு ஏதும் காணவில்லை. பொது வழக்கில் அர்த்தமில்லாத உளறலுக்கும் அதே சொல்தான்.

ஆய்வில் பொருள் இன்னும் குறுகியது. மெய்யும் உயிரும் சேர்ந்த அசையாக இருக்க வேண்டும். மெய்யிலிருந்து உயிருக்கு வாய் சட்டென்று திறக்க வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஏறத்தாழ 120 மில்லிவிநாடியே உச்சவரம்பு. 'பாபாபா', 'தாதா' சேரும். வெறும் 'ஆ', கீச்சல், உதட்டைப் படபடக்க வைக்கும் ஒலி, இழுத்து நீட்டும் 'ம்ம்ம்...ஆ' சேராது. பெரும்பாலான குழந்தைகளிடம் 10 மாதத்துக்குள் இது வந்துவிடும். அதற்கு மேலும் வராவிட்டால் முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். காது கேளாத குழந்தைகளிடம் இந்த அசைகள் தாமதமாகவே தோன்றுகின்றன என்று ஆய்வாளர்கள் ஆலரும் ஐலர்ஸும் 1988இல் காட்டினார்கள்.

இனி மழலை. 'மழவும் குழவும் இளமைப் பொருள' என்கிறது தொல்காப்பியம். மழ என்றால் இளமை. மழலை, முற்றாத பேச்சு. குறள் 66 'மழலைச்சொல்' என்றே சொல்கிறது. 'சொல்' என்பதைக் கவனிக்க வேண்டும். 'பழம்' என்பதைப் 'பயம்' என்னும் குழந்தையிடம் பொருளுள்ள சொல் இருக்கிறது, ஒலிதான் பழுக்கவில்லை. பாப்ளிங்கிலோ ஒலி இருக்கிறது, பொருள் இல்லை. பிதற்றல், உளறல் இரண்டும் பொருளின்மையைச் சரியாகச் சொல்கின்றன. ஆனால் 'உங்கள் குழந்தை பிதற்றுகிறது' என்று ஓர் அறிக்கையில் படிக்கும் தாய்க்கு ஜன்னி நினைவுதான் வரும். குதலையும் தெளிவற்ற பேச்சே; இன்று வழக்கிலும் அருகிவிட்டது. 'அடுக்கொலி' அழகானது, ஆனால் 'பாதீகு' போல மாறி மாறி வரும் அசைகளை அது விட்டுவிடும். ஒரே அசை அடுக்கி வருவதும் அசைகள் மாறி வருவதும் ஒரே காலத்தில் கலந்தே வருகின்றன என்பதை மிட்செலும் கென்டும் 1990இல் காட்டியிருக்கிறார்கள்.

எனவே, சொல்லாக இல்லாமல் அசையாக மட்டும் வரும் மழலை என்ற பொருளில் 'அசைமழலை' என்பதே பொருத்தம். யாப்பில் நிரையசைக்குள் இரண்டு உயிர்கள் வரும், மொழியியலார் சொல்லும் அசையில் ஒன்றுதான். அந்த வேறுபாட்டை முதல் பக்கத்திலேயே குறித்துவிட்டால் குழப்பம் இல்லை.

சொல் தவறினால் தரவும் தவறும். வினாத்தாளில் 'குழந்தை மழலை பேசுகிறதா?' என்று கேட்டால், அழகாகப் 'பாபாபா' சொல்லும் 8 மாதக் குழந்தையின் பெற்றோர் 'இன்னும் பேசவில்லை' என்பார்கள். 3 மாதக் குழந்தையின் 'ஆ', 'ங்கா'வைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் 'ஆம்' என்பார்கள். பெற்றோரிடம் கலைச்சொல்லே வேண்டாம். 'பா, மா, தா போன்ற ஒலிகளைச் சொல்கிறதா?' என்று ஒலியைச் சொல்லியே கேட்கலாம்.

ஒலிப்பதிவை எண்ணும்போது அழுகை, சிரிப்பு, இருமல், விக்கல் ஆகியவற்றை முதலில் நீக்க வேண்டும். மீதி 120 அசைகளில் 24 முறையான அசைமழலை என்றால் விகிதம் 0.20. இந்தக் கணக்கில் 0.15ஐ எட்டினால் குழந்தை அந்தப் பருவத்துக்கு வந்துவிட்டதாகக் கொள்வது வழக்கம். பழைய கட்டுரைகளைப் புதியவற்றோடு ஒப்பிடுவோர் இடறுவது இங்கேதான்: முன்பு அசைகளின் மொத்தத்தால் வகுக்காமல், ஒரே மூச்சில் வரும் ஒலித்தொடர்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள், எல்லை 0.20. வகுக்கும் எண்ணைப் பார்க்காமல் இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்தால் ஒப்பீடே பிழைத்துவிடும்.

அசைக்கு இன்னொரு பொருள் அசைவு. மெக்நீலேஜ் 1998இல் முன்வைத்த கருத்துப்படி, தாடை மேலும் கீழும் அசைவதுதான் அசைக்கே சட்டகம். சைகை மொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் கைகளாலேயே பொருளற்ற அசைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதை பெட்டிட்டோவும் மாரென்டெட்டும் 1991இல் விவரித்தார்கள். ஒலியே இல்லாத அதையும் அசைமழலை என்றே எழுதலாம்.